ஒடெஸா டில்மன் பற்றிய மூன்றாவது வாக்கியம்

உலகத்தில் வேலையில்லாத மனிதர்கள் உண்டு. வேலையில்லாத வாக்கியம் கிடையாது. நெருப்பையும் சக்கரத்தையும் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட மனித குலம் இந்த ஒன்றுக்கு மட்டும் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. அதுவும் ஏதென்ஸில் அல்ல, பஃபலோ நகரத்தில், மூடிப்போன ஒரு கம்பளக் கடையின் மாடியில் அது கண்டுபிடிக்கப்பட்டது. என்றைக்காவது அந்தப் படிக்கட்டில் ஒரு செப்புத் தகடு பதிப்பார்கள். அதற்கு முன்னால் படியில் உறைந்திருக்கும் பனியை யாராவது சுரண்டினால் நன்றாக இருக்கும்.

காரை நிறுத்திவிட்டு இறங்காமல் வாண்டா கஜெவ்ஸ்கி இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மாடியிலிருந்த ஃபென்விக் தர்க்கப் பயிற்சி மையத்தில் பதினோரு வருடமாக ஆசிரியை. நேற்று இரவுச் சாப்பாட்டில் அவள் கணவன் ஸ்டான், சூப்பில் உப்பு தூக்கல் என்று சொன்னான். அந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதை அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். அது ஓர் ஆதாரம். ‘ஆகையால் என் அம்மா சூப்தான் சூப்’ என்ற, வாய்விட்டுச் சொல்லப்படாத முடிவை அது முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. அவளுக்குத் தன் திறமையில் ஒரு சின்ன மகிழ்ச்சி. பாத்திரம் கழுவும்போதுதான் நினைவு வந்தது, சூப்பில் உப்பு தூக்கலா இல்லையா என்று தான் ருசித்துப் பார்க்கவே இல்லை என்று.

அது அவள் தவறல்ல. மையத்தின் தங்க விதி அப்படி.

சட்டக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி வரும். ஐந்தாறு வரியில் யாரோ ஒருவர் வாதாடுவார். அதில் ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டி, வாதத்தில் இதன் பங்கு என்ன என்று கேட்பார்கள். அது முடிவா, முடிவைத் தாங்கும் ஆதாரமா, வெறும் பின்னணியா, அல்லது அடித்து நொறுக்குவதற்காகவே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட எதிர்த்தரப்பா? வாக்கியம் சொல்லும் செய்தி உண்மையா பொய்யா என்பது கேள்வி அல்ல. நிலாவில் நெல் விளைகிறது என்று எழுதியிருந்தாலும் தலையாட்டிவிட்டு, அந்த நெல் எந்த முடிவுக்குச் சோறு போடுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். ‘உண்மையா என்று கேட்காதே, என்ன வேலை என்று கேள்.’ மையத்தின் நிறுவனர் லாயிட் ஃபென்விக்கின் அறைச் சுவரில் இந்த விதி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு சட்டம். அதில் அவர் இருபத்து மூன்று வயதில் இதே தேர்வில் வாங்கிய முழு மதிப்பெண், நூற்றெண்பது. அத்தனை மதிப்பெண் வாங்கியவர் ஏன் சட்டம் படிக்கப் போகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. மலை உச்சிக்குப் போனவனிடம் ஏன் அங்கேயே கடை போட்டாய் என்று கேட்பது நாகரிகம் அல்ல.

சாதாரண மனிதர் என்றால் இந்த ஞானத்தை வகுப்பறையோடு நிறுத்திக்கொண்டிருப்பார். ஃபென்விக் அதை ‘நிர்வாகத்துக்கு விரிவுபடுத்தினார்’. அலுவலர் ஒவ்வொருவர் கழுத்திலும் நான்கு நிற அட்டைகள் தொங்கின. நீலம் முடிவு, மஞ்சள் ஆதாரம், சிவப்பு எதிர்த்தரப்பு, சாம்பல் பின்னணி. கூட்டத்தில் யாரும் பேசுவதற்கு முன்னால் தங்கள் வாக்கியத்துக்குரிய அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அலுவலகச் செயலர் ஜெரால்டின் நான்கு பத்தி போட்ட நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். இதனால் கூட்டங்களின் தரம் பல மடங்கு உயர்ந்தது. முன்பு அரை மணி நேரத்தில் முடிந்தவை இப்போது இரண்டரை மணி நேரம் நடந்தன.

இன்றைக்கு நான்கு மணிக்கு அப்படி ஒரு கூட்டம். பேச இருப்பது ஒடெஸா டில்மன் பற்றி. வாண்டா காரை விட்டு இறங்காததற்குக் காரணம் அதுதான்.

ஒடெஸாவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் தெருவில் வாடகைக்குக் குடியிருப்பவர்களை வீட்டுக்காரர்கள் வெளியேற்றும்போதெல்லாம், தன் சர்ச் தொப்பியை மாட்டிக்கொண்டு அவர்களோடு வீட்டுவசதி நீதிமன்றத்துக்குப் போய் நிற்பாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நீதிபதி அவளைப் பார்த்து, அம்மா, நீங்கள் வக்கீல் இல்லை, ஆகவே உட்காருங்கள் என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள் அடுத்த வாரம் மையத்தின் மாடிப்படி ஏறினாள். “அந்த ஆள் சொன்னதுல ஆதாரம் சரிதான் கண்ணு, நான் வக்கீல் இல்ல. முடிவைத்தான் மாத்தணும்” என்று முதல் வகுப்பிலேயே வாண்டாவிடம் சொன்னாள். மற்ற மாணவர்களுக்கு இந்த அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும்.

ஆனால் தேர்வு அறையில் கடிகாரம் ஓடும், ஒடெஸா ஓடமாட்டாள். ஒவ்வொரு வாக்கியத்தையும், வண்டியில் ஏறும் பயணியைப் பார்ப்பதுபோல, நின்று நிதானமாக ஏற இறங்கப் பார்ப்பாள். முதல் தடவை நூற்று முப்பத்தெட்டு. பிறகு நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்து மூன்று, போன அக்டோபரில் நூற்று நாற்பத்தேழு. நூற்றைம்பது வந்தால் உள்ளூர்ச் சட்டக் கல்லூரி அவளைப் பரிசீலிக்கும். ஐந்து தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். ஏப்ரலில் எழுதப்போவது ஐந்தாவது.

வாண்டா மாடியேறி வந்தபோது கூட்ட அறையில் மூவரும் அமர்ந்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் ஃபென்விக். ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக ஜெரால்டின். நடுவில் டோனட் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் விளம்பரப் பிரிவின் டெரிக் மல்லாய், கால்பந்து அணித் தொப்பியோடு. மல்லாய் எந்த அட்டையையும் தேடுவதில்லை; எப்போதும் நீலம்தான் தூக்குவான். அவன் சொல்வது எல்லாமே முடிவு.

கூட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஜெரால்டின் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, கூரை ஒழுகுகிறது என்றாள்.

“அட்டை, ஜெரால்டின்” என்றார் ஃபென்விக்.

அவள் சற்று யோசித்துச் சாம்பலைத் தூக்கினாள். பின்னணி எப்படி ஆகும் என்று மல்லாய் கேட்டான். கூரை ஒழுகுகிறது, ஆகையால் நாம் இடம் மாறி உட்கார வேண்டும் என்று வந்தால் அது ஆதாரம் அல்லவா? ஆனால் ‘ஆகையால்’ என்று அவள் சொல்லவில்லையே என்றார் ஃபென்விக். சொல்லாத முடிவுக்கு ஆதாரம் உண்டா என்ற ஆழமான வினா எழுந்தது. கூரை விளிம்பில் கட்டியிருந்த பனிக்கட்டி உருகி, நீர் உள்ளே இறங்கி, உள்கூரையின் ஒரு பலகை மெதுவாகத் தொப்பை போட்டுக்கொண்டிருந்தது. விவாதம் ஆதாரத்தின் பக்கம் சாய்ந்த நேரத்தில் அந்தப் பலகை டோனட் பெட்டியின் மேல் வந்து விழுந்தது.

பிறகு ஃபென்விக் தன் சட்டையிலிருந்த ஈரத்தைத் தட்டிவிட்டு, “ஆதாரம்தான். மஞ்சள்னு போடு” என்றார். ஜெரால்டின் மஞ்சள் பத்தியில் எழுதினாள். தப்பிய டோனட் ஒன்றை மல்லாய் எடுத்துக்கொண்டான். நால்வரும் நாற்காலிகளை மேசையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டார்கள். வாண்டாவுக்குச் சிரிப்பு வந்தது, ஜெரால்டினைப் பார்த்தாள். ஜெரால்டின் நோட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அடுத்து முக்கிய விஷயம். மையத்தின் புதிய விளம்பரத் தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எங்கள் மாணவர்களின் சராசரி உயர்வு பன்னிரண்டு மதிப்பெண்!’ என்று மேலே பெரிதாக வர வேண்டும் என்பது மல்லாயின் கனவு. கணக்குப் போட்டால் பதினொன்றரைதான் வருகிறது. ஒடெஸா பட்டியலில் இல்லாமல் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு வருகிறது. மல்லாய் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்திருந்தான். ஒவ்வொரு தடவையும் வந்தது.

ஃபென்விக் இதை மல்லாய்போல வெளிப்படையாகச் சொல்லக்கூடியவர் அல்ல. அவர் பண்பாளர். ஒரு தாளை எடுத்து வாண்டாவின் முன்னால் வைத்தார். தீர்மானம். நான்கு வாக்கியம், ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் நிறத்தில் ஒரு பொட்டு.

முதல் வாக்கியம் சாம்பல்: திருமதி ஒடெஸா டில்மன் மூன்று ஆண்டுகளாக இம்மையத்தின் மாணவி. இரண்டாவது மஞ்சள்: ‘மூளையில் இனி ஏறாது’ என அவரே தம் கைப்பட எழுதித் தந்துள்ளார். மூன்றாவதும் மஞ்சள். ஆனால் பொட்டுக்குப் பக்கத்தில் வெறும் கோடு, ‘ஆசிரியை நிரப்ப வேண்டியது’ என்ற பென்சில் குறிப்போடு. நான்காவது நீலம்: ஆகையால், அவருடைய நலன் கருதி, அவரை வகுப்பிலிருந்து அன்புடன் விடுவிக்கிறோம்.

முடிவு தயாராக இருந்தது. அது நிற்க ஒரு கால் குறைந்தது. சேரும்போது மாணவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், ஆசிரியரின் கருத்து இல்லாமல் யாரையும் நீக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மாணவர்களின் நம்பிக்கையைப் பெற ஃபென்விக்கே சேர்த்த விதி அது.

“ஒரே ஒரு வாக்கியம், வாண்டா” என்றார் அவர். “இதுக்கு மேல முன்னேற வாய்ப்பு இல்லைன்னு. உங்க பாணியில, உங்க மென்மையான வார்த்தையில எழுதுங்க.”

ஏப்ரலுக்கு ஒன்பது வாரம்தான் இருக்கிறது, இப்போது வெளியே அனுப்பினால் அவள் எங்கே போவாள் என்று வாண்டா கேட்டாள். கேள்விகள் வாக்கியமாகக் கருதப்படுவதில்லை என்பதால் அதற்கு அட்டை தேவைப்படவில்லை.

அவள் இரண்டாவது வாக்கியத்தை மறுபடி படித்தாள். ஒடெஸா அப்படி எழுதக்கூடியவள் அல்ல. மூலத்தைப் பார்க்கலாமா என்றாள். ஃபென்விக் தயங்காமல் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜனவரியில் எல்லா மாணவர்களும் நிரப்பிய கருத்துப் படிவம். பேருந்து ஓட்டியவளின் பெரிய, நேரான எழுத்து:

‘இந்த வயசுல உனக்கு எதுக்குச் சட்டம் என்கிறாள் என் தங்கை. மூளையில் இனி ஏறாது என்கிறாள். ஆனால் அக்டோபர் தேர்வைவிட இப்போதைய பயிற்சித் தாளில் ஒன்பது கேள்வி கூடுதலாகச் சரி. அதனால் வாரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் வகுப்பு வேண்டும். உங்கள் காபி மோசம்.’

வாண்டா முதல் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே பாடத்தைத்தான் நடத்துவாள். ‘சிலர் சொல்கிறார்கள்’ என்று ஒரு வாதம் தொடங்கினால் உஷாராக இருங்கள். அது எழுதியவரின் கட்சி அல்ல. அவர் மறுக்கப்போகிற கட்சி. ‘ஆனால்’ எங்கே வருகிறது என்று பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். எதிராளியின் வாயில் வந்ததை எழுதியவரின் தலையில் கட்டிவிடுவார்கள். தேர்வு வைப்பவர்களும் அந்தத் தவறான விடையை ஆசைகாட்டும் ஒரு தெரிவாக வைத்திருப்பார்கள். ஒடெஸா அந்த வலையில் ஒரு நாளும் விழுந்ததில்லை. ‘ஓட்டுநர் வேற, பயணி வேற’ என்பாள்.

வாண்டா சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். “ரெண்டாவது வாக்கியம் ஆதாரம் இல்ல. எதிர்த்தரப்பு. தங்கச்சி சொன்னது. அதை மறுக்கத்தான் அவங்க எழுதியிருக்காங்க.”

ஃபென்விக்கின் முகம் மலர்ந்தது. உண்மையான ஆசிரியரின் மலர்ச்சி அது. அற்புதம் என்றார், மிகச் சரியான விடை என்றார், மல்லாயிடம் திரும்பி இதனால்தான் நம் மையம் இந்த மாநிலத்திலேயே முதலாவது என்றார். மல்லாய் அதை விளம்பரத்துக்காகக் குறித்துக்கொண்டான்.

“அப்ப இதை எடுத்துடலாமா?” என்றாள் வாண்டா.

“எதுக்கு எடுக்கணும்? அவங்க தாள்ல அது எதிர்த்தரப்பு. நம்ம தாள்ல அது ஆதாரம்.” ஃபென்விக் பொறுமையாக விளக்கினார். “ஒரே ஆள் பகல்ல ஒரு இடத்திலயும் சாயங்காலம் இன்னொரு இடத்திலயும் வேலை பாக்கிறதில்லையா? வாக்கியத்துக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இருக்கக் கூடாது?”

மல்லாய் நீல அட்டையைத் தூக்கி, அதில் தப்பே இல்லை என்றான்.

வாண்டா தாளைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பதினோரு வருடமாக அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அதை அமர்த்தி உட்கார வைத்துப் பழகியிருந்தாள். இன்று அது உட்கார மறுத்தது.

“ஆனா அது உண்மையா?”

அந்தக் கேள்வி, சர்ச்சில் யாரோ ஏப்பம் விட்டதுபோல அறையில் விழுந்தது. ஜெரால்டினின் பேனா நோட்டுக்கு மேலே நின்றது. நான்கு பத்தியில் எதிலும் அதை எழுத இடமில்லை. மல்லாய் டோனட்டைக் கீழே வைத்தான். ஃபென்விக் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். சுவரின் மறுபக்கம் தன் அறையில் தொங்கும் விதியைச் சுட்டுவதுபோல விரலை லேசாக உயர்த்தினார். இத்தனை வருட அனுபவம் உள்ளவரிடமிருந்து முதல் வாரத்துக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்றார். வசந்த கால வகுப்புகளின் அட்டவணை இன்னும் போடவில்லை, யார் யாருக்கு எத்தனை வகுப்பு என்பதை அடுத்த வாரம்தான் யோசிக்கப்போவதாகவும் சொன்னார். அதற்குச் சாம்பல் அட்டையைத் தூக்கிக் காட்டினார். வெறும் பின்னணி.

“நான் எழுத மாட்டேன், லாயிட்” என்றாள் வாண்டா. “அவங்க முன்னேறிட்டுத்தான் இருக்காங்க. ஒன்பது கேள்வி கூட. தாளைத் திருத்தினதே நான்தான்.”

ஃபென்விக் தலையசைத்தார். எதையும் வற்புறுத்தும் மனிதர் அல்ல அவர். பென்சிலை எடுத்து மூன்றாவது வாக்கியத்தின் கோட்டில் தானே ஏதோ எழுதி, தாளை ஜெரால்டின் பக்கம் நகர்த்தினார். ஜெரால்டின் வாய்விட்டுப் படித்தாள்: ‘ஆசிரியை இதற்கு மறுப்புத் தெரிவிக்கவில்லை.’

“நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம், வாண்டா. கையெழுத்தும் வேண்டாம்” என்றார் ஃபென்விக், ஒரு நண்பருக்குச் செய்யும் உதவியைப்போல. “இல்லைன்னு சொல்லாம இருந்தா போதும்.”

எவ்வளவு கருணையான ஏற்பாடு என்று வாண்டாவுக்குத் தோன்றியது. தன்னை இந்த மனிதர் எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு இருந்த தேர்ச்சி சாதாரணமானதல்ல. அக்காவின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாப்பிள்ளையைப் பற்றித் தெரிந்தும் சொல்லவில்லை. மாமியாரின் சொத்துப் பத்திரம் மாற்றி எழுதப்பட்டபோது சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ‘நமக்கெதற்கு’ என்ற ஒரு சிறிய வாக்கியம் இருந்தது. அதை அவள் இத்தனை வருடமும் பின்னணி என்றே வகைப்படுத்தி வந்திருந்தாள். குளிர், பனி, வயது மாதிரி, தன் பாட்டுக்கு இருக்கும் ஒரு விஷயம். இப்போது அதற்கு முன்னால் ‘ஏன்’ என்று போட்டுப் பார்த்தாள். வகுப்பில் சொல்லித்தரும் முறைதான். எந்த வாக்கியத்துக்கு ‘ஏன்’ என்று கேட்டால் மற்றவை பதில் சொல்லுமோ அதுவே முடிவு. எல்லாம் வரிசையாக வந்து பதில் சொல்லின. வீண் சண்டை வரும். வேலை போகும். கேட்டு என்ன ஆகப்போகிறது. அவள் ஆயுள் முழுவதும் ‘நமக்கெதற்கு’ என்ற முடிவுக்கு ஆதாரங்கள் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். அவற்றில் ஒன்றையாவது உண்மையா என்று அவள் பார்த்ததில்லை.

கீழே தெருவிலிருந்து பனி மிதிபடும் ஓசை கேட்டது. யாரோ படியருகே நின்று காலணியை உதறினார்கள். ஆறு மணி வகுப்புக்கு ஐந்தேகாலுக்கே வந்துவிடும் ஒரே மாணவி உண்டு.

வாண்டா மூன்று பேரையும் பார்த்தாள். ஒரு பக்கத்துக்குள் எந்த வாக்கியம் யாருக்காக உழைக்கிறது என்பதை முப்பது விநாடியில் சொல்லிவிடக்கூடியவர்கள். ஒடெஸாவின் தங்கை சொன்னது எது, ஒடெஸா சொன்னது எது என்று பிரித்தறிய இவர்களைவிடத் தேர்ந்தவர்கள் இந்த நகரத்தில் இல்லை. தெரியாமல் செய்கிறவர்களுக்கு அவளிடம் ஒரு மணி நேரப் பாடம் இருந்தது. தெரிந்தே செய்கிறவர்களுக்கு அவளிடம் எந்தப் பாடமும் இல்லை.

ஜெரால்டின் பேனாவை மூன்றாவது கோட்டில் வைத்துக் காத்திருந்தாள். ஃபென்விக் அன்போடு புன்னகைத்தார்.

“இல்ல” என்றாள் வாண்டா.